கொடிப் பால்கனியில் கட்டில் வேண்டாம்

என் அருமை மகனுக்கு,

அல்சூர் சோமேசுவரர் உன்னோடு இருக்கட்டும். நலம் விசாரித்து நாலு வரி எழுதி, இங்கே எல்லாரும் சுகம் என்று முடிக்கிற கடிதம் இல்லை இது. சுகமாக இருந்தால் விடிந்ததிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பேனா? குழம்புக்குப் புளி கரைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உப்புப் போட்டேனா என்று எழுந்து போனேன், போட்டிருந்தேன். மறுபடி உட்கார்ந்தேன், பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. இந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கும். நீயாவது ஹூப்ளியில் உன் ஆபீஸ் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து படி. பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வேறு எந்த வீட்டில் யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்காகத்தான் உன் பெயரும் என் பெயரும் போடாமல் எழுதுகிறேன். பஞ்சாங்கத்தையும் கடைச் சீட்டையும் பார்த்து நானாகவே பழகிக்கொண்ட எழுத்து. தப்பு இருந்தால் திருத்தாமல் படி.

தை பிறந்ததும் நீ மாற்றலாகிப் பெங்களூருக்கு வருகிறாய். வந்த கையோடு கல்யாணம். கல்யாணம் ஆனதும் பெண்ணை அழைத்துக்கொண்டு இந்த மாடி வீட்டுக்கு வருவது என்று நீயும் அப்பாவும் கடிதத்திலேயே பேசி முடித்துவிட்டீர்கள். இருப்பது ஒரு கூடம், ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த பால்கனி ஒன்று. அந்தப் பால்கனியைப் பலகை வைத்து அடைத்து, கண்ணாடி ஜன்னல் ஒன்று வைத்து, உள்ளே கட்டில் போட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் அறையாக்குவது என்று ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை எனக்கு முதலில் சொன்ன ஆள் நீ இல்லை, உன் அப்பாவும் இல்லை. அளவெடுக்க வந்த ஆசாரி.

நான் அவரைக்காய்க் கொடியில் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவர் முழக்கோலை வாசல்படியிலிருந்து கைப்பிடிக் கட்டை வரைக்கும் நீட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் செடி கொடியெல்லாம் எப்பம்மா எடுக்கிறீங்க? இன்னும் பத்து நாள்ல பலகை வந்துடும்" என்றார்.

"எந்தப் பலகை?"

"இதை அடைக்கிறதுக்குத்தான். ஐயா சொல்லலையா? சின்னவருக்கு ரூம்பு."

உன் அப்பா கூடத்தில் நின்று சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாக அவர் காலண்டர் படித்து நான் பார்த்ததில்லை.

"ஏங்க, இது என்ன?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? ஆணி அடிச்சப்புறமா?"

"உன் பிள்ளைதான் மெதுவா சொல்லுங்கன்னு எழுதினான். நீ கொடியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுவேன்னு பயந்துட்டான்."

ஆசாரி சிரித்துவிட்டார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு வந்ததுதான் கோபம். நீ பயந்ததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடிக்காக நான் இந்த அறை வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடிக்காகவும்தான். ஆனால் கொடிக்காக மட்டும் இல்லை.

நீ மாதத்துக்கு ஒரு முறை வந்து போகிறவன். பால்கனியில் ஏதோ பச்சையாகத் தொங்குகிறது என்பது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும் இடத்தில் எது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேள். காலை வெயில் வருவது கிழக்கு மூலைக்கு மட்டும்தான்; எதிர்வீட்டு மாடி அதையும் சீக்கிரம் மறைத்துவிடும். ஆகையால் வெயில் இல்லாமல் பூக்காத சங்கு புஷ்பம் அந்த மூலையில். பக்கத்தில் அவரை. அடுத்தது முல்லை, அது பூத்து ஓய்ந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிட வேண்டும், பாவம் பார்த்தால் அடுத்த தடவை வெறும் இலைதான். நிழலில் கொடிப்பசலை. அதைப் பறிக்கப் பறிக்கத்தான் தழைக்கும். சமையலறைச் சுவரை ஒட்டி வெற்றிலை. அது வெக்கை ஊர்க் கொடி, நானும் வெக்கை ஊரிலிருந்து வந்தவள். இந்தப் பெங்களூர் மார்கழிக் குளிர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறதல்லவா, அந்தச் சூடு வேருக்குப் போகட்டும் என்று அங்கே வைத்தேன். பனி நாளில் டின்னைச் சுற்றிச் சாக்குக் கட்டிவிடுவேன். அப்படியும் இலை சுருங்கும். ஆனால் சாகவிட்டதில்லை.

தொட்டி வாங்கினதில்லை. எல்லாம் மண்ணெண்ணெய் டின். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உடைந்த ஓட்டுச் சில்லைப் பரப்பி, மேலே செம்மண். ஜட்கா ஸ்டாண்டிலிருந்து குதிரைச் சாணம் கொண்டுவந்து, மழைக்காலம் முழுக்க மூடி வைத்து, சூடு தணிந்து மக்கின பிறகுதான் மண்ணில் கலப்பேன். அவசரப்பட்டுப் புதுசாகப் போட்டால் வேர் வெந்துபோகும். தண்ணீருக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தெருக்குழாயில் பிடித்துவரும் நல்ல தண்ணீரில் ஒரு சொம்புகூடக் கொடிக்குப் போகாது. அரிசி களைந்தது வெற்றிலைக்கு, காய் கழுவினது அவரைக்கு, சாமிக்கு அபிஷேகம் செய்த தண்ணீர் சங்கு புஷ்பத்துக்கு. அதைக் காலில் மிதிபடும் இடத்தில் ஊற்றக் கூடாது, அதனால்தான்.

இதில் நான் செய்யாத தப்பு இல்லை. முதலில் டின்களைத் தரையிலேயே வைத்தேன். கீழே தையல்கடை பாய் ஒருநாள் தெருவில் நின்று, "அம்மா! மேலே மழை வருதா? கீழே வருது!" என்று கூப்பிட்டார்.

"மழை இல்லை பாய், அவரைக்குத் தண்ணி ஊத்தினேன்."

"அவரைக்கு நல்லா ஊத்துங்கம்மா. கர்னல் சாகிப் கோட்டுக்கு ஏன் ஊத்தறீங்க? அதுல காய் காய்க்காதும்மா!"

அன்றைக்கே டின்களின் கீழே ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, வடிகிற தண்ணீர் ஓரமாக ஓடி ஒரு சட்டியில் விழும்படி செய்தேன். அந்தத் தண்ணீரை மறுபடி பசலைக்கு ஊற்றுகிறேன். பாய்க்கு முதல் அவரைக்காய் போகும். அவர் மனைவி அதில் கறி போட்டுச் சமைத்து, எங்களுக்குக் கொடுக்க முடியாதே என்று வருத்தப்படுவாள்.

பார், எங்கே ஆரம்பித்து எங்கே போய்விட்டேன். பால் பொங்குகிற வாசனை வருகிறது. இரு.

வந்துவிட்டேன். பொங்கவில்லை, எனக்குத்தான் அப்படி இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜீவனஹள்ளியிலிருந்து சம்பந்தி அம்மாள் வந்தார். பெண்ணைக் கொடுக்கிற வீடு, வந்து பார்த்துவிட்டுப் போவது நியாயம்தான். கூடத்தைப் பார்த்தார், சாமி படங்களுக்கு முன்னால் கும்பிட்டார், சமையலறையை எட்டிப் பார்த்தார். பிறகு உன் அப்பா பெருமையாகப் பால்கனியைக் காட்டி, "இங்கதான் புது அறை வரப்போவுது, காத்தோட்டமா இருக்கும்" என்றார். பலகை அடைத்த பிறகு காற்று எங்கிருந்து வரும் என்று அவரிடம் யார் கேட்பது? அந்த அம்மாள் கேட்கவில்லை. கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் நாங்கள் படுக்கிற பாய் சுருட்டி வைத்திருந்தது. அந்தப் பாயிலிருந்து பால்கனிக் கதவு வரைக்கும் அவர் கண் ஒரு தடவை போய்விட்டு வந்தது. அவ்வளவுதான்.

"எங்க சரோஜா எங்கே வேணா இருந்துக்குவா அக்கா. அவளுக்கு எதுவும் வேணும்னு கேட்கத் தெரியாது" என்றார்.

பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். என்னை இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போகும்போது என் அம்மாவும் இதையேதான் சொன்னாள். எனக்குக் கேட்கத் தெரியும். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

பேச்சை மாற்ற வேண்டும் என்று நான் அந்த அம்மாளைக் கொடிப் பக்கம் அழைத்துப் போனேன். சங்கு புஷ்பத்தை அவர் குனிந்து பார்த்தார். "ஏங்க்கா, இதை எதுக்கு இத்தனை இடத்துல கட்டி வெச்சிருக்கீங்க? முறுக்கிக்கிட்டு நிக்குதே" என்று கேட்டார்.

உனக்கு இது தெரியாது, சொல்கிறேன். சாமிக்குப் பூக்கிற கொடி ஆயிற்றே, அது கம்பை வலமாகச் சுற்றி ஏற வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். கோவிலில் நாம் சாமியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுகிறோம். இந்தக் கொடியோ கம்பை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுகிறது. சங்கு புஷ்பம் மட்டுமில்லை, அவரையும் பசலையும்கூட அப்படியே. அவரையும் பசலையும் எப்படியோ போகட்டும், சமையலுக்குப் போகிறவை. சாமிக்குப் போவதை எப்படி விடுவது? தினமும் குளித்து வந்ததும் நுனியை மெதுவாகப் பிரித்து, நாமம் சொல்லிக்கொண்டே வலமாகச் சுற்றிவிடுவேன். மறுநாள் காலையில் பார்த்தால் அவிழ்ந்து வெறும் காற்றில் நிற்கும், இல்லையென்றால் பழையபடி இடமாகத் திரும்பியிருக்கும். நான் மறுபடி சுற்றுவேன். அப்புறம் வாழைநாரால் கட்டினேன். கட்டின இடத்துக்கு மேலே போய் அது திரும்பியது. அங்கேயும் கட்டினேன்.

இதையெல்லாம் நான் சம்பந்தி அம்மாளிடம் பெருமையாகவே சொன்னேன். "எத்தனை தடவை அவுத்துக்கிட்டாலும் நானும் விடறதில்லை. இன்னும் கொஞ்ச நாள், தானா படிஞ்சிடும்" என்றேன்.

அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் குனிந்தார். நார் இறுக்கி மஞ்சளாகிப்போன ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். காபியைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். "பஸ் போயிடும்" என்று எழுந்தார். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

அவர் போன பிறகு எனக்கு வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. இங்கே போவதும் அங்கே போவதுமாக இருந்தேன். உன் அப்பாவுக்குக் காபி கொடுத்தேன், சர்க்கரை போடவில்லை. அவர் குடித்துவிட்டு, "கொடி போவுதேன்னு இன்னும் கோபமா?" என்றார்.

"கொடி இல்லைங்க. இந்தக் கூடத்துல நீங்களும் நானும் படுத்துக்கிட்டு, அந்தப் பொண்ணு தண்ணி குடிக்கணும்னாக்கூட நம்மைத் தாண்டி வரணும். பலகைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டா நீங்க இருமணும், நீங்க இருமினா அதுங்க பேச்சை நிறுத்தணும். இது ஒரு குடித்தனமா?"

"நாம அப்படித்தானே இருந்தோம்."

"இருந்தோம். நல்லாவா இருந்தோம்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்கிற குரலில் சொன்னார்: "அவனுக்குச் சிட்டி ஸ்டேஷன் பக்கம் குவார்ட்டர்ஸ் தரேன்னுதான் சொன்னாங்களாம். அவன்தான் வேணாம்னுட்டான்."

"என்னது? ஏனாம்?"

"ஏனா? அம்மா தாங்கமாட்டா அப்பான்னு எழுதியிருக்கான்."

"தாங்கமாட்டேன்னு நான் சொன்னேனா?"

"சொல்லணுமா? அவன் ஹூப்ளிக்குப் போன புதுசுல எத்தனை நாள் ரசத்துல உப்பு இல்லைன்னு எனக்குல்ல தெரியும்."

மகனே, அதைக் கேட்டதிலிருந்துதான் இந்தப் படபடப்பு. உனக்குத் தருகிறேன் என்ற வீட்டை, இரண்டு அறையும் சமையலறையும் பின்பக்கம் ஒரு பால்கனியும் உள்ள வீட்டை, நீ எனக்காக வேண்டாம் என்றிருக்கிறாய். அதை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, இந்த மாதக் கடைசி வரைக்கும் நீ மனசு மாற்றிக்கொண்டு எழுதலாம் என்றும் அப்பா சொன்னார். மாதக் கடைசி இதோ வந்துவிட்டது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்து, நீ படித்து, நீ எழுதிப் போட வேண்டும். அதனால்தான் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நீ நினைத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் தாங்கமாட்டேன்தான். உனக்கு இந்த ஊருக்கு மாற்றல் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் அல்சூருக்கு நடந்துபோய் சோமேசுவரர் சந்நிதியில் விளக்குப் போட்டவள் நான். ஊருக்கு வரட்டும் என்றா வேண்டினேன்? வீட்டுக்கு வரட்டும் என்று வேண்டினேன். நீ ஆபீஸ் விட்டு மாடிப்படி ஏறி வருகிற சத்தம், நீ "என்னம்மா இருக்கு சாப்பிட?" என்று கேட்பது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லித்தான் வேண்டினேன். சாமி கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு போய், இது வேண்டாம், பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எப்படி? கேட்கும்போது இருந்த வாய் அதற்கு வரவில்லை.

பிரதோஷத்தன்று கோவிலுக்குப் போனேன். அங்கே சந்நிதியில் நின்றும் சொல்ல வரவில்லை. வெளியே வரும்போது சின்னக் குருக்களிடம், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டுக் கொடி விஷயத்தைக் கேட்டேன். "சாமி, சங்கு புஷ்பம் இடமாவே சுத்துது. நான் வலமா திருப்பித் திருப்பி விடறேன், நிக்க மாட்டேங்குது. அந்தப் பூவைச் சாமிக்கு வைக்கலாமா?"

அந்தப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், தீபாராதனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தது. "அம்மா, பூ எந்தப் பக்கம் சுத்தி வந்துச்சுன்னு சாமி கேட்கறதில்லை. வந்துச்சான்னுதான் பார்ப்பார். அதுசரி, இன்னிக்குப் பிரதோஷம், நீங்களே பாதி தூரம் அப்படிப் போய்த் திரும்பிப் பாதி தூரம் இப்படித்தானே சுத்தினீங்க? உங்களை யாராவது நாரால கட்டினாங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்து எல்லா நாரையும் வெட்டினேன். கீழே இரண்டு இடத்தில் தண்டு நசுங்கிக் காய்ந்துபோயிருந்தது. மேலே உயிர் இருக்கிறது. பிழைத்துக்கொள்ளும் என்றுதான் தோன்றுகிறது.

இதை வைத்து நீயும் கொடியும் ஒன்று என்று உனக்குக் கதை சொல்ல வரவில்லை. கொடிக்கு நான் மாமியார் ஆகப்போவதில்லை, அந்தப் பெண்ணுக்கு ஆகப்போகிறேன். அதுதான் எனக்குப் பயம். கட்டின நாரைக் காட்டிப் பெருமை பேசினவள் நான். அதைப் பார்த்துக் காபியை வைத்துவிட்டுப் போன அந்தத் தாய் ராத்திரி தூங்கியிருக்கமாட்டாள். உன் மனைவி இந்த வீட்டுக்கு வந்தால் நான் அவளைக் கொடுமை செய்யமாட்டேன். அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன், பட்டினி போடமாட்டேன். குளித்துவிட்டு வந்து தினமும் மெதுவாகத் திருப்பிவிடுவேன். உப்பு இவ்வளவு போடு, தலையை இப்படி வாரு, விளக்கை அங்கே வை. நாமம் சொல்லிக்கொண்டே செய்வேன். தப்பு என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பால்கனியில் விறகும் உடைந்த கட்டிலும் கிடந்தன. கூடத்தில் மாமனார், மாமியார், வந்து போகிற உறவு. சமையலறையில் மாமியாரின் கண். தெருவைப் பார்த்து நின்றால் தெருவின் கண். நான் ஒரு நிமிஷம் சும்மா நிற்க, யாரும் பார்க்காமல் மூக்கைச் சிந்திக்கொள்ள, என் ஊரை நினைத்துக்கொள்ள இந்த வீட்டில் ஒரு சாண் இடம் இல்லை. ஒருநாள் மார்க்கெட்டில் வாங்கின பசலைக் கீரைக் கட்டுக்குள் முற்றின தண்டு ஒன்று இருந்தது. அதை உடைந்த சட்டியில் ஊன்றி, விறகுக்குப் பக்கத்தில் வைத்து, கைப்பிடிக் கட்டையிலிருந்து இறவாரம் வரை ஒரு கயிறு கட்டினேன். கீரைக்காக என்று மாமியாரிடம் சொன்னேன். கீரைக்காக இல்லை. அது கயிறு முழுக்க ஏறி இலை விட்டபோது, அதன் பின்னால் நின்றால் தெருவுக்கும் நான் தெரியவில்லை, கூடத்துக்கும் தெரியவில்லை. அப்புறம் அவரை, அப்புறம் முல்லை. ஒவ்வொரு கொடியாக நான் கட்டினது எனக்கு ஓர் அறை. நீ அதைப் பலகையால் அடைத்து அறையாக்கப் பார்க்கிறாய். அங்கே ஏற்கெனவே ஓர் அறை இருக்கிறது, பையா. ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தால், அதில் உங்கள் கட்டில் இருக்கும். அவள் தனியாக நிற்க இடம் இருக்காது. எனக்கும் இருக்காது. இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு வீட்டில் தனியாக நிற்க இடமில்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று ஆசாரியை வரச்சொல்லி, பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் நின்று, "ஊர் என்ன சொல்லும்? கல்யாணம் ஆனதும் பிள்ளையை வெளியே அனுப்பிட்டான்னு சொல்லாதா?" என்று குதித்தார்.

"சொல்லட்டும். ஊருக்குக் கூடத்துல பாய் போட இடமிருக்கா கேளுங்க."

"அவன் இல்லாம நீ இருந்துடுவியா?"

"மாட்டேன். அதுக்காக?"

ஆசாரி மெதுவாகத் தன் முழக்கோலை எடுத்துக்கொண்டு, "அப்போ நான் வரேம்மா" என்று இறங்கிவிட்டார். உன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாயங்காலம்தான் வந்தார். அப்புறம் பால்கனிக்கு வந்து, என்னவோ கேட்க வந்தவர்போல நின்று, "இந்த வெத்தலைக்கு இன்னிக்குச் சாக்குக் கட்டலையே, பனி இறங்குதே" என்றார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இதுதான். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு, வேறு யாரையும் கேட்காமல், குவார்ட்டர்ஸ் வேண்டும் என்று எழுதிக் கொடு. அம்மா சம்மதித்தாளா என்று யோசிக்காதே. சம்மதிக்கவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான். அந்த வீட்டில் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று உன் மனைவி தீர்மானிக்கட்டும். நான் வந்து அடுப்பு மேடையைப் பார்த்து வாயைத் திறந்தால், நீ உடனே "அம்மா, கொடியெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேள். நான் பேச்சை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அது எனக்குத் தெரிந்த பலவீனம். அவள் சொல்வது உனக்குப் புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்துக் கேள். கேட்கத் தெரியாத பெண் என்று அவள் தாய் சொன்னாள், அதை நம்பாதே. அந்த வீட்டுப் பால்கனியில் அவள் கொடி வளர்த்தாலும் சரி, துணி காயப்போட்டாலும் சரி. அவளாகக் கேட்காமல் நான் ஒரு டின்கூட அனுப்பமாட்டேன். இதை எழுதும்போதே எந்த வெற்றிலைக் கணுவை வெட்டினால் சீக்கிரம் வேர் விடும் என்று என் கண் தேடுகிறது. தேடட்டும். அனுப்பமாட்டேன்.

சோமேசுவரரிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை போவேன். கேட்டுக் கொடுத்ததைத் திருப்பித் தருகிறேன் என்று கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்களில் ஒருவர் தனி மலைக்குப் போய்த்தானே உட்கார்ந்தார்?

கல்யாணம் முடிந்து நீங்கள் குடிபோனதும், ஒரு நல்ல நாள் பார்த்து இரண்டு பேரும் இங்கே விருந்துக்கு வாருங்கள். தை மாதப் பனியில் அவரைக்காய்க்குச் சொகடு என்று இங்கே சொல்வார்களே, அந்த எண்ணெய் வாசனை ஏறியிருக்கும். கையெல்லாம் மணக்கும். சாப்பிடுங்கள். அப்பாவோடு பேசிக்கொண்டிருங்கள். அவள் பால்கனியில் போய் நிற்க ஆசைப்பட்டால் நிற்கட்டும். நான் பின்னாலேயே போய் நிற்கமாட்டேன். பொழுது சாயும் நேரத்தில், "இருட்டறதுக்குள்ள ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்புங்க" என்று நான் சொல்வேன். சாதாரணமாகத்தான் சொல்வேன், நீயும் சாதாரணமாக எழுந்திரு. செருப்பைப் போட்டுக்கொள், ஜட்காவைக் கூப்பிடு. "இதுதானேம்மா வீடு" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதற்குச் சொல்ல நான் பதில் எதுவும் யோசித்து வைக்கவில்லை.

உன் அம்மா